அவருக்கு மூச்சே வாங்கவில்லை

"மனது வைத்தால் முடியும் அப்பா." கார்த்திகையிலிருந்து தை வரை இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் செருப்பை மாட்டுவார். மறு காலை மாட்டாமல் அப்படியே நின்று தெருவைப் பார்ப்பார். பால்காரர் போவார், பள்ளிப் பிள்ளைகள் போவார்கள். பிறகு மாட்டிய செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். நான் என் வாக்கியத்தைச் சொல்வேன். ஒரே ஒரு நாள்தான் அதற்குப் பதில் சொன்னார்: "மனது வைத்துத்தான் தம்பி செருப்பையே எடுத்தேன்." குரலில் கோபம் இல்லை. ஆனால் அன்றைக்கு அலுவலகத்தில் எந்த வேலையும் எனக்கு ஓடவில்லை. அவரிடம் இல்லாதது மனது இல்லை என்றால் வேறு எது? இரண்டு மாதமாக நான் அவரிடம் எதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்?

அப்பா 31 ஆண்டுகள் தபால்காரராக இருந்தவர். மதுரையில் கீழவாசலிலிருந்து காமராசர் சாலையின் இரு பக்கச் சந்துகள் வரை அவர் சைக்கிள் போகாத இடம் கிடையாது. பொங்கல் வாழ்த்து அட்டைகள் மூட்டை மூட்டையாக வந்த காலத்தில், ஒரு நாளைக்கு இரண்டு நடை போய்விட்டு இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புவார். முதியோர் ஓய்வூதிய மணியார்டரை மூன்றாம் மாடியில் இருக்கும் கிழவிக்கும் கையில் கொண்டுபோய்க் கொடுத்தவர். அப்படிப்பட்டவருக்கு ஐப்பசியில் ஒரு விடியற்காலை மாரடைப்பு வந்தது. உடனே கொண்டு சேர்த்துவிட்டோம். அடைத்த இரத்தக்குழாயைத் திறந்துவைக்க ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் தெளிவாகவே சொன்னார்: முதலில் வீட்டுக்குள் நடக்க வேண்டும், பத்து நாளில் தெருவுக்கு வர வேண்டும், பிறகு மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும், நடைதான் இனி மருந்தில் பாதி. ஆறு வாரம் கழித்து எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக வேலை செய்கிறது என்றும் சொன்னார். அப்பாவுக்குத் தெரிய வேண்டிய எல்லாமே தெரிந்திருந்தது. தெரிந்தும் நடக்கவில்லை.

வீடு மாறிப்போயிருந்தது. கூடத்தில் ஒன்று, முற்றத்தில் ஒன்று, குளியலறை வாசலில் ஒன்று என்று அம்மா மூன்று நாற்காலிகளைப் போட்டுவைத்தாள். எங்கே நின்றாலும் இரண்டு எட்டில் உட்கார்ந்துவிடலாம். தண்ணீர் வாளியைத் தொடக் கூடாது. குளியலறைத் தாழ்ப்பாளைப் போடக் கூடாது. நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையைத் தாளோடு கிழித்து முந்தானை நுனியில் முடிந்து வைத்திருந்தாள். ஒவ்வொரு முறை புடவை மாற்றும்போதும் முடிச்சை அவிழ்த்துப் புதுப் புடவையில் முடிவாள். இரவில் நான் தண்ணீர் குடிக்க எழுந்தால், அப்பாவின் மூக்குக்கு முன்னால் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். இதைப் பாசம் என்றுதான் அன்று பார்த்தேன், இன்றும் அப்படித்தான் பார்க்கிறேன். ஆனால் அப்பாவின் இடத்திலிருந்து பார்க்க எனக்கு நெடுநாள் ஆனது. உடம்பைப் பற்றி அவரிடம் அந்த வீடு என்ன சொல்லிக்கொண்டிருந்தது? 'நீ எந்த நிமிடமும் விழுந்துவிடுவாய்' என்று மூன்று நாற்காலிகளும் முந்தானை முடிச்சும் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தன. நான் வந்து ஒரு நிமிடம் 'முடியும்' என்பேன். எந்தக் குரல் எடுபடும்?

இருபதாம் நாளோ என்னவோ, யாரும் பார்க்காத நேரத்தில் மாடிப்படி ஏறியிருக்கிறார். எட்டாம் படியிலேயே நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா அலறிய அலறலில் எதிர்வீட்டார் வந்துவிட்டார்கள். நாடி பார்த்தோம், இரத்த அழுத்தம் பார்த்தோம், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. படி ஏறினால் யாருக்கும் நெஞ்சு வேகமாக அடிக்கும். அறுபது வருடமாக அவருக்கும் அப்படித்தான் அடித்திருக்கிறது. அதை அவர் கவனித்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு துடிப்பையும் கவனித்தார், ஒவ்வொன்றும் அவருக்கு ஐப்பசி விடியற்காலையாகத் தெரிந்தது. அன்றைக்குப் பிறகு ஒரு மாதம் படிப்பக்கமே போகவில்லை.

எந்த நம்பிக்கை?

தன்னம்பிக்கை என்ற சொல் நம்மிடம் மிகவும் புழங்கித் தேய்ந்துவிட்டது. பள்ளிச் சுவரிலும் புத்தகக் கண்காட்சி மேடையிலும் கிடைப்பது அதுதான். அது ஒரு மனிதரிடம் மொத்தமாக இருக்கும், அல்லது மொத்தமாக இருக்காது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்பாவிடம் அது குறைந்ததே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஓய்வூதியக் கணக்கில் வந்த பிழையைப் போனிலேயே பேசித் தீர்த்தார். எங்கள் தெருச் சாக்கடை விஷயத்தில் மாநகராட்சிக்கு மனு எழுதினார். நாலு பேர் முன்னால் பேசத் தயங்காதவர்தான் தெருமுனை வரை போகத் தயங்கினார்.

இதைப் பிரித்துப் பார்க்க எனக்கு உதவியவர் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர். கனடாவின் அல்பெர்ட்டா மாகாணத்தில் மண்டேர் என்ற சிற்றூரில் 1925இல் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கழித்து, 2021இல் மறைந்தவர். 1977இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் பேசியது தனிக்காரியம் ஒவ்வொன்றுக்கும் உரிய நம்பிக்கையைப் பற்றி. இந்தக் காரியத்தை, இந்த நிலைமையில், என்னால் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு ஒருவர் தனக்குள் சொல்லிக்கொள்ளும் விடை அது. கணக்குப் போட முடியும் என்று நம்புகிறவருக்கு நீந்த முடியும் என்ற நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். அதோடு இன்னொரு பிரிவையும் அவர் செய்தார். 'நடந்தால் இதயத்துக்கு நல்லது' என்பது ஒரு நம்பிக்கை, 'என்னால் நடக்க முடியும்' என்பது வேறொரு நம்பிக்கை. அப்பாவிடம் முதலாவது முழுதாக இருந்தது. நானும் மருத்துவரும் உறவினர்களும் ஏற்கெனவே நிறைந்திருந்த அந்தக் குடத்திலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

பண்டூராவின் புகழ்பெற்ற ஆய்வுகள் பாம்பைக் கண்டு நடுங்குகிறவர்களை வைத்து நடந்தவை. பாம்புப் பயத்தால் தோட்டத்துக்குப் போவதையே நிறுத்திய மனிதர்கள் அவர்களில் உண்டு. 'பயப்படாதே' என்று அவர்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. முதலில் வேறொருவர் பாம்பைக் கையாள்வதைப் பார்ப்பார்கள். பிறகு அறைக்குள் வருவார்கள், கையுறையோடு தொடுவார்கள், கையுறை இல்லாமல் தொடுவார்கள். ஒவ்வொரு படியும் ஏறக்கூடிய உயரத்தில் இருக்கும். ஆண்டுக்கணக்காக இருந்த பயம் சில மணி நேரத்தில் இறங்கியிருக்கிறது. 'முடியும்' என்ற எண்ணம் நான்கு வழிகளில் வருகிறது என்றார் அவர்: தானே செய்து பார்த்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்யக் கண்டது, பிறர் சொல்வது, தன் உடம்பும் மனமும் தரும் அறிகுறிகளை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. இவற்றில் தானே செய்து பார்த்ததுதான் மற்ற எல்லாவற்றையும்விட வலுவானது. வெறும் பேச்சின் பலன் சொற்பம். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. நான் அந்தச் சொற்பத்தை மட்டுமே வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஒரு மனிதரைத் துளைத்திருக்கிறேன்.

தை வெள்ளி

அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது அம்மா ஒரு வேண்டுதல் செய்திருந்தாள். அவர் பிழைத்து வந்தால் தெப்பக்குளம் மாரியம்மன் கோயிலுக்கு வீட்டிலிருந்து செருப்பில்லாமல் நடந்தே வருவதாக. எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். அம்மாவுக்கு வயது 58, கால்மூட்டு வலி உண்டு, கடைக்குப் போவதற்குக்கூட ஆட்டோதான். தெப்பத் திருவிழாக் கூட்டம் வடியட்டும் என்று காத்திருந்து, தை மாதத்து ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தாள். நான் வண்டியில் மெதுவாகப் பின்னாலேயே வருவதாக ஏற்பாடு. அன்று பார்த்து எனக்கு அலுவலகத்தில் கிளம்ப முடியவில்லை. அம்மா எனக்காகக் காத்திருக்கவில்லை. வேண்டுதலைத் தள்ளிப்போட அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

அவள் தனியாகப் படி இறங்குவதைப் பார்த்து அப்பா எழுந்திருக்கிறார். இரண்டு செருப்பையும் மாட்டினார், பிறகு என்ன நினைத்தாரோ, இரண்டையும் கழற்றிவிட்டு வெறும் காலோடு அவளுக்குப் பின்னால் போயிருக்கிறார். அம்மா தடுத்திருக்கிறாள். "உன் மூட்டுக்கு இவ்வளவு தூரம் ஆகாது. வழியில் நின்றுவிட்டால் யார் பார்ப்பது?" என்றாராம். அவர் அன்று நடைப்பயிற்சிக்குப் போகவில்லை, தன் இதயத்துக்காகவும் போகவில்லை. துணைக்குப் போனார். அவரது 31 வருட வேலையில் எந்த நாளும் நடப்பதற்காக நடந்தவரில்லை. யாருக்காவது எதையாவது கொண்டுபோய்ச் சேர்க்க நடந்தவர்.

நான் வண்டியில் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறேகால். தெப்பக்குளத்தைச் சுற்றி மாலை நடைக்கு வந்தவர்கள் கும்பல் கும்பலாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மைய மண்டபத்தின் மேல் கடைசி வெயில் இருந்தது. குளத்தின் சுற்றுச்சுவரில் சாய்ந்து அம்மா உட்கார்ந்திருந்தாள். குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்கு வரை இறங்கியிருந்தது, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அப்பா அவளுக்கு முன்னால் நின்று தோளில் கிடந்த துண்டை எடுத்து விசிறிக்கொண்டிருந்தார். அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கை நடுங்கவில்லை. நான் பதறிப்போய் "அப்பா, உட்காருங்கள்" என்றேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். மூச்சுக்கு நடுவே நடுவே பேசினாள்: "அவருக்கு மூச்சே வாங்கவில்லை. பார். எனக்குத்தான் வாங்குகிறது. நாலு இடத்தில் நான்தான் நின்றேன். அவர் நிற்கவே இல்லை."

அவள் முகத்தில் இருந்தது மகிழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். திகைப்பு என்பதுதான் சரி. மூன்று மாதம் விரல் வைத்துப் பார்த்த மூச்சு அது. மருத்துவர் சொன்னபோது நம்பவில்லை, எக்கோ அறிக்கையைப் பார்த்து நம்பவில்லை. தன் நெஞ்சு அடித்து, தன் மூட்டு கெஞ்சி, அதே தூரத்தை அதே வெயிலில் நடந்து, பக்கத்தில் வந்தவரை நிமிர்ந்து பார்த்தபோது நம்பிவிட்டாள். மறுநாள் காலை குளியலறை வாசலில் நாற்காலி இல்லை. யாரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. அப்பா குளித்துவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வந்தார். அவர் தாழ்ப்பாள் போட்டிருந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இதற்குப் பிறகுதான் நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1985இல் பண்டூராவும் இதய மருத்துவர்களும் சேர்ந்து வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு கண்ணில் பட்டது. மாரடைப்பு வந்து மூன்று வாரமான ஆண்களுக்கு டிரெட்மில் பரிசோதனை செய்கிறார்கள். 30 மனைவியரை மூன்று பிரிவாக்குகிறார்கள். பத்துப் பேர் பரிசோதனையைப் பார்க்கவில்லை. பத்துப் பேர் உள்ளே நின்று பார்த்தார்கள். மீதிப் பத்துப் பேர் பார்த்ததோடு தாங்களும் அந்த டிரெட்மில்லில் ஏறி நடந்தார்கள். பிறகு எல்லாத் தம்பதியருக்கும் ஒரே மாதிரி விளக்கம் கொடுத்தார்கள். கணவரின் இதயம் தாங்கும் என்ற நம்பிக்கை, ஏறி நடந்த பத்துப் பேரிடம்தான் கணவர்களின் நம்பிக்கை அளவுக்கு உயர்ந்தது. வெறுமனே பார்த்தவர்களிடம் அப்படி உயரவில்லை. மூன்றாம் வாரத்தில் இருந்த அந்த நம்பிக்கையின் அளவை வைத்தே, பின்வரும் மாதங்களில் கணவர்கள் எவ்வளவு தெம்பாக நடப்பார்கள் என்பதைக் கணிக்க முடிந்தது. படித்துவிட்டு அந்தப் பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நாற்பது ஆண்டுக்கு முன் கலிஃபோர்னியாவில் நடந்தது, எங்கள் வீட்டில் மாரியம்மன் பேரால் நடந்திருக்கிறது.

அம்மாவை அறியாமை என்று சொல்லி ஒதுக்க எனக்கு இப்போது வாய் வரவில்லை. மாரடைப்பு வந்தவர் அசையவே கூடாது, வாரக்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டும் என்பது ஒரு காலத்தில் மருத்துவர்களே வகுத்த சட்டம். பாஸ்டனில் சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லோன் என்ற இரு மருத்துவர்கள் நோயாளிகளைப் படுக்கையிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, அதனால் கெடுதல் இல்லை என்று எழுதியது 1952இல்தான். அன்றைக்கு அந்த நாற்காலியே பெரிய துணிச்சலாக இருந்தது.

மாலை கழற்றிய மறுநாள்

இதே சமயத்தில் என் சின்ன மாமாவும் என் யோசனைக்குள் வந்து சேர்ந்தார். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக்கொண்டு அப்பாவைப் பார்க்க வந்திருந்தார். 18 வயதில் பிடித்த சிகரெட். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டுக்குக் குறையாது. புத்தாண்டு தோறும் விடுவார், பொங்கலுக்குள் மறுபடி பிடிப்பார். கேட்டால், "என்னால் ஆகாதப்பா, இது என் ரத்தத்தில் இருக்கிறது" என்பார். அதே மாமா பதினொரு வருடமாக, ஆண்டுக்கு 41 நாள், ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை. விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிப்பார், தரையில் படுப்பார், மலை ஏறுவார். இறங்கி வந்து மாலையைக் கழற்றிய அன்று மாலையே டீக்கடை வாசலில் நிற்பார். இந்த மாதிரி ஒருவராவது இல்லாத தெரு தமிழ்நாட்டில் இருக்குமா?

"41 நாள் முடிந்ததே மாமா, 42ஆம் நாள் ஏன் முடியவில்லை?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "அது சாமி செய்தது. நானா செய்தேன்?" என்றார். அவர் பக்தியைக் குறையாகப் பேச எனக்கு எண்ணமில்லை. அந்த 41 நாளில் உலகமே அவருக்குத் துணை நிற்கிறது. எல்லாரும் 'சாமி' என்று கூப்பிடுகிறார்கள், ஒருவரும் பாக்கெட்டை நீட்டுவதில்லை, அத்தை தனிப் பாத்திரத்தில் சமைக்கிறாள், குருசாமி இருக்கிறார், கூட நடக்கக் கன்னிசாமிகள் இருக்கிறார்கள். ஒருவர் பழக்கத்தை மாற்ற என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் நம்மவர்கள் அந்த விரதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். ஆனால் முடிந்த பிறகு அந்த வெற்றி மாமாவின் கணக்கில் ஏறுவதில்லை. புத்தாண்டில் தோற்பது மட்டும் அவர் கணக்கில் ஏறுகிறது. பதினொரு வெற்றியும் பதினொரு தோல்வியும் உள்ள மனிதர், தன் தோல்விகளை மட்டும் எண்ணிவைத்துக்கொண்டு 'என்னால் ஆகாது' என்கிறார். பண்டூராவும் இதைச் சொல்லியிருக்கிறார்: செய்து முடித்ததை வெளித்துணையின் கணக்கில் எழுதிவிட்டால், 'என்னால் முடியும்' என்பது வளர்வதில்லை. நான் மாமாவிடம் ஒன்றுதான் சொன்னேன். "சாமி வழி காட்டியிருக்கலாம். சிகரெட்டைத் தொடாமல் இருந்த கை உங்கள் கைதானே?" அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பத்துக்கு எத்தனை?

ஸ்டான்ஃபோர்டிலேயே கேட் லோரிக் என்பவர் மூட்டுவாத நோயாளிகளுக்காக ஒரு பயிற்சியைத் தொடங்கினார். மருத்துவர்கள் அல்லாத சாதாரண ஆட்களே நடத்தும் ஆறு வார வகுப்பு. வலி குறைந்தவர்கள் உடற்பயிற்சியை அதிகம் செய்தவர்களாக இருப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தார்கள். அந்தத் தொடர்பு மெலிதாகவே இருந்தது. 'என் நோயை என்னால் சமாளிக்க முடியும்' என்ற எண்ணம் கூடியதோடுதான் முன்னேற்றம் கூடுதலாகப் பொருந்தி வந்தது. அந்த வழியில் வந்த வகுப்புகளில் வாரந்தோறும் ஒரு கேள்வி கேட்பார்கள். இந்த வாரம் செய்யப்போவதாகச் சொல்வதை முடிப்பீர்கள் என்று பத்துக்கு எத்தனை நம்பிக்கை? ஏழுக்குக் குறைந்தால் ஆளைத் திட்டுவதில்லை; வேலையைச் சிறிதாக்குவார்கள்.

அப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன். "நாளை தெப்பக்குளத்தை முழுச் சுற்று?" மூன்று என்றார். "கோயிலிலிருந்து முதல் திருப்பம் வரை?" எட்டு. அப்படியானால் முதல் திருப்பம். ஒரு வாரம் அதுதான். பிறகு அவரே, "இரண்டாம் திருப்பத்துக்கு இப்போது ஒன்பது போடலாம்" என்றார். மதிப்பெண் போடும் அந்த உரிமை அவர் கையில் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. நான் 'முடியும்' என்று சொல்வதை அடியோடு நிறுத்திவிட்டேன்.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு பயமும் இருக்கிறது. 'நம்பிக்கை இருந்தால் போதும்' என்று இதை யாரும் சுருக்கிவிடக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒருவர், தனக்கு ஒன்றும் ஆகாது என்ற தைரியத்தில் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுக் கால்விரலை இழந்தார். அவரிடம் இருந்தது நான் பேசும் நம்பிக்கை இல்லை. தினமும் மாத்திரை போட்டு, சோற்றை அளந்து, சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க என்னால் முடியும் என்பதுதான் அவருக்குத் தேவைப்பட்டது. காலை ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்பி இரவு ஒன்பதுக்கு வரும் பெண்ணிடம் போய் 'நடக்க மனது வையுங்கள்' என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. எங்கள் தெருவில் நடைபாதையே கிடையாது. தெப்பக்குளம் என்ற ஒன்று அருகில் இருந்ததால் அப்பாவுக்கு ஒரு திருப்பமும் இரண்டாம் திருப்பமும் கிடைத்தன. அது இல்லாதவர்களின் குறையை அவர்கள் மனதின் குறையாக எழுதிவிடக் கூடாது.

மாமா தை கடைசியில் போன் செய்தார். சிகரெட்டை விட்டு ஒன்பது நாள் ஆகிவிட்டது என்றார். வரும் செவ்வாய் வரை பார்க்கலாம் என்று இருக்கிறாராம். செவ்வாய்க்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டேன். ஆறு என்றார். அப்படியானால் ஞாயிறு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சரி என்றார்.

அம்மா இப்போது தினமும் அப்பாவோடு தெப்பக்குளத்துக்குப் போகிறாள். மூட்டு வலி இருக்கிறது, ஆனாலும் போகிறாள். முந்தானையில் மாத்திரை இன்னும் இருக்கிறது. அது இருக்கட்டும் என்று மருத்துவரும் சொல்லியிருக்கிறார். நேற்று நானும் போயிருந்தேன். ஒரு சுற்று முடிந்து கோயில் பக்கம் வந்ததும் அம்மா சுவரில் உட்கார்ந்தாள். அப்பா நிற்கவா, போகவா என்பது போல அவளைப் பார்த்தார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரையை அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டு, "நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் இங்கே இருக்கிறேன்" என்றாள்.